அந்தத் தோள் உன்னுடையதில்லை

டேய் உருண்டை,

புது பிளெக்ஸ் பேனருக்கு ஒரு நாற்றம் உண்டு. காலையில் கோலம் போடக் கதவைத் திறந்ததும் அதுதான் முகத்தில் அடித்தது. கிரிவலப் பாதை திரும்புகிற முனையில், டீக்கடையை ஒட்டி, கூரை உயரத்துக்கு நீ நின்றாய். முதல் வருஷ நினைவஞ்சலி. சித்தப்பா வைத்தது.

முகம் உன்னுடையதுதான். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெரிய அதிகாரி. தொப்பை தள்ளிய வெள்ளைச் சட்டை. தோள் இரண்டிலும் தங்கப் பட்டை, அதில் வாள், நட்சத்திரங்கள். காலடியில் சித்தப்பா கும்பிடுகிறார், அவர் லாட்ஜ் பெயரோடு.

கடல் உன் உடம்பைத் திருப்பித் தரவில்லை. நேவியிலிருந்து வந்தவர்கள், புயலில் தேடினோம், கிடைக்கவில்லை என்று சொல்லி உன் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். உடம்பு கிடைக்காதவன் என்றால் எவன் உடம்பை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாமா?

அந்தத் தங்கப் பட்டையை எனக்குக் காட்டியதே நீதான். லீவில் வந்தபோது போனில் படம் காட்டினாய்.

"அக்கா, தோள்ல வாளும் நட்சத்திரமும் இருந்தா அவரு அட்மிரல். அவரு வந்தா கப்பலே மூச்சு விடாது."

"உனுக்கு எங்கடா?"

பையிலிருந்து ஒற்றை நங்கூரம் போட்ட துணியை எடுத்தாய். புதிதாய்க் கிடைத்த பதவி. சட்டைக் கையில் தைக்க வேண்டுமாம். "நீயே தைச்சுக் குடு. டைலர்கிட்ட தர மாட்டேன்." கோணலாகத் தைத்துவிட்டேன். பிரிக்கப் போனால் விடவில்லை. "கப்பலும் இப்படித்தான் சாயும், இது போதும் விடு" என்று சிரித்தாய்.

உன்னோடு கப்பலில் இருந்த பையன்கள் நாளைக்குப் படையலுக்கு வருகிறார்கள். அவர்கள் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். உன் நங்கூரம் எங்களுக்கு வெட்கமாக இருந்தது என்றுதானே நினைப்பார்கள்?

சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

"யாரு சட்டைய யாருக்கு மாட்டியிருக்கீங்க?"

"பௌர்ணமிக்கு எவ்ளோ ஜனம் வருது! குடும்பத்துக்கு ஒரு கெத்து வேணாமா? சாதா ஆளுன்னா எவன் நின்னு பாப்பான்?"

"அவன் சாதா ஆளா?"

"கத்தாத. கவர்மென்ட்டா வந்து கேக்கப் போவுது?"

"நான் கேக்கறேன்."

அரிவாள்மணையை எடுத்துப் போய்க் கயிற்றை அறுத்தேன். டீக்கடைக்காரர் மறுபக்கக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏய், அது அவன் ஆசைடி! 'ஒரு நாள் அந்தத் தோளோட நம்ம தெருவுல நடப்பேன் சித்தப்பா'னு என்கிட்ட சொன்னான். படத்துலயாவது போட்டுக்கட்டும்னுதான்..."

என் கை நின்றுவிட்டது. பிறகு மிச்சக் கயிற்றையும் அறுத்தேன்.

உன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வந்தேன். பெட்டியில் இருந்த உன் சட்டையை, கோணல் நங்கூரம் தெரிகிற மாதிரி, படையல் போடுகிற சுவரில் மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் அதைப் பார்க்கட்டும்.

சித்தப்பா வாயில் பொய் வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் காலையிலிருந்து அவர் மேல் இருந்த கோபம் இப்போது உன் மேல் திரும்பி நிற்கிறது. இது போதும் என்று என்னிடம் சிரித்தாயே, அவரிடம் போய் அந்தத் தோள் வேண்டும் என்றாயாடா?