உள்ளே போகும் ஆமாம்

18 ஆகஸ்ட் 1997, திங்கள்

எங்கள் ஒன்பது பேருக்கும் இன்று ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். தினமும் நாலு வரி எழுத வேண்டுமாம். பிழை வந்தால் வரட்டும், யாரும் படிக்க மாட்டார்கள் என்று ஆசிரியை பெர்னில்லா சொன்னாள். நல்லவேளை. நான் ஏழாவதோடு பேனாவை வைத்துவிட்டு மர ஆலைக்குப் போனவள். முப்பத்தெட்டு வருடம் பலகை அடுக்கிய கை இது. எழுத்தும் பலகை மாதிரித்தான் சாய்ந்து விழுகிறது. ஐம்பத்து மூன்று வயதில் வகுப்பு மேசைக்குள் காலை நுழைத்தேன், எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆலையை மூடிவிட்டார்கள். வேறு வேலையும் இல்லை. அதனால் எங்களைப் படிக்க அனுப்பியிருக்கிறது அரசாங்கம். எங்கள் ஆலையிலிருந்து நானும் ஸ்துரேவும் மட்டும்தான். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், பத்தொன்பது வருடம். அத்தனை வருடத்தில் அவன் பேசியதை எல்லாம் எழுதினாலும் இந்த நோட்டில் பாதி மிச்சமிருக்கும்.

பெர்னில்லா நாட்டின் தெற்குக் கோடியிலிருக்கும் ஸ்கோனேக்காரி. வடக்கே வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "நீங்க ஆலையிலயா வேலை பாத்தீங்க?" என்று ஸ்துரேவைக் கேட்டாள். அவன் எங்கள் வழக்கப்படி உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தான் — ஷுப். அவள் பதறி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். "என்னாச்சு? தண்ணி வேணுமா?"

வகுப்பே உருண்டு சிரித்தது. நான்தான் எழுந்து சொன்னேன்: "அது ஆமாம், பெர்னில்லா. எங்க பக்கம் ஆமாம் வெளிய வராது, உள்ள போகும். வாயைத் திறந்தா சூடு போயிடும்ல?"

"அப்ப இல்லைன்னா?"

"அதுக்கு மட்டும் வாயத் திறப்போம். சண்டைன்னா கொஞ்சம் சூடு போனா பரவாயில்ல."

ஸ்துரேவும் சிரித்தான். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

19 ஆகஸ்ட்

நாளை வகுப்போடு ஊர் சுற்றப் போகிறோம். வகுப்புக்காக வந்து தங்கியிருக்கும் இந்த சுண்ட்ஸ்வாலுக்கு நான் முன்பு வந்ததெல்லாம் பல் பிடுங்கவும் குளிர் கோட்டு வாங்கவும்தான்.

20 ஆகஸ்ட், புதன்

ஸ்துரே ஆஸ்பத்திரியில்.

21 ஆகஸ்ட்

இன்று வகுப்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கே எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நேற்றுக் காலையில் பெரிய சதுக்கத்தில் கூடினோம். தெருவெல்லாம் வர்ணம் பூசிய டிராகன் பொம்மைகள், நகரத்தின் சின்னமாம். வங்கி வாசலில் நின்ற பச்சை டிராகனைக் காட்டி, "யோவ் ஸ்துரே, நம்ம ஃபோர்மேன் இங்கதான்யா வேலைக்குச் சேந்திருக்கான்" என்றேன். தோள் குலுங்கியது. பிறகு காப்பி, இலவங்கப்பட்டை பன். ஸ்துரே இரண்டு தின்றான். அப்போதுதான், கேட்காமலே, ஒன்று சொன்னான்.

"நம்ம பலகையெல்லாம் இங்கருந்துதான் கப்பல்ல போகும். அந்த இடத்த நான் பாத்ததே இல்ல."

வடக்கு மலை மேலிருந்து துறைமுகம் தெரியும் என்றாள் பெர்னில்லா. மலையடிக்கு வந்ததும், ஏற முடியாதவர்கள் கீழேயே உட்காரலாம், தப்பில்லை என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன கிழவா, ஏறுவியா? இல்ல இங்கயே உக்காந்து எங்க கோட்டுக்குக் காவல் இருக்கியா?"

ஷுப் என்றான். ஏறினோம்.

பாதி வழியில் ஒரு பிர்ச் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் மாவு நிறம். ஒரு கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. உதட்டுக்குள் அடக்கும் புகையிலை டப்பா அங்கேதான் இருக்கும். அதைத் தேடுகிறான் என்று நினைத்தேன்.

பெர்னில்லா திரும்பி வந்தாள். "அவருக்கு ஏதோ சரியில்ல. கீழ போயிடலாமா?"

"ஸ்துரே, இன்னும் மேல போகணுமா?" என்று நான் கேட்டேன்.

ஷுப். மறுபடி ஷுப். மறுபடி.

"பாத்தீங்களா பெர்னில்லா? ஒரு தடவ கேட்டா மூணு தடவ ஆமாங்கிறான்! இவனா திரும்புவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெர்னில்லாவும்தான், முகம் சிவந்து, திங்கட்கிழமை ஜன்னலைத் திறந்தது நினைவுக்கு வந்திருக்கும். ஸ்துரே சிரித்தானா? நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போனவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது அடி எடுத்து வைத்திருப்பான். முழங்கால் மடிந்து, முன்பக்கமாக விழுந்தான். நாயோடு வந்த ஒரு ஆள் போன் செய்யக் கீழே ஓடினார்.

22 ஆகஸ்ட், வெள்ளி

பார்க்க விட்டார்கள். வாயில் குழாய். மூச்சை எந்திரம்தான் விடுகிறது.

அவன் மகள் அன்னெலி பக்கத்தில் இருந்தாள். முப்பது வயது, அப்பாவின் அதே நெற்றி. நர்ஸ் அவளிடம் ஒரு பையைக் கொடுத்தாள். கடிகாரம், சாவி, சட்டைப் பையிலிருந்த சின்ன மாத்திரைக் குப்பி. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. "வசந்தத்துலதான் டாக்டர் குடுத்தாரு. வகுப்புல யார்கிட்டயும் சொல்லலையா?" என்று அன்னெலி கேட்டாள். சொல்லவில்லை என்றேன்.

அப்படியானால் அவன் தேடியது புகையிலை டப்பா இல்லை.

அவள் காப்பி எடுக்கப் போனபோது குனிந்து கேட்டேன். "ஸ்துரே, அது ஆமாமா? இல்ல மூச்சுத் திணறுச்சாடா உனக்கு?" எந்திரம் காற்றை இழுத்தது. ஷுப். வேறொன்று கேட்டேன். ஷுப். எதைக் கேட்டாலும் அதே ஆமாம்தான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

காலை ஒன்பதரைக்குப் போய்விட்டான்.

1 செப்டம்பர்

வகுப்பில் இப்போது யாரும் மூச்சை இழுப்பதில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல எல்லோரும் 'ஆமாம்', 'ஆமாம்' என்று வாயைத் திறந்து சொல்கிறார்கள். காற்று வந்தால் நல்லது என்று பெர்னில்லா ஜன்னலைத் திறந்தாள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

இடைவேளையில் நடைவழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் கீழ கூட்டிட்டுப் போயிருக்கணும். எனக்குத் தெரிஞ்சுது, மைவோர். தெரிஞ்சும் சிரிச்சேன்."

தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்குப் புரியாது, அதனால் மூச்சு மூச்சாகவே அவள் காதில் விழுந்தது. நான் மொழிபெயர்த்துக் கெடுத்தேன். இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூக்கைச் சிந்தக் கைக்குட்டை கொடுத்தேன், அவ்வளவுதான்.

6 செப்டம்பர், சனி

ஊருக்கு வந்தேன். கடையில் எல்லோரும் சொல்கிறார்கள், கொடுத்துவைத்தவன், சிரித்துக்கொண்டே போனான் என்று. யார் கிளப்பியது இது? நானாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஊருக்குப் போன் செய்தபோது, நல்லபடியாகத்தான் இருந்தான், எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம் என்றேன்.

அடக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் செத்தவர்களை இத்தனை நாள் காக்க வைக்கிறோம். இருக்கிறவர்கள் அதற்குள் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டும்.

அன்னெலி என்னைக் கேட்பாள். என்ன சொல்வேன்? 'மேலே போக ஆசைப்பட்டான்' என்று சொன்னால் பொய்யும் இல்லை. துறைமுகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவன்தானே. அடச்சீ. எனக்கே நல்லபடியாக முடிகிற மாதிரி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், பார்.

12 செப்டம்பர், வெள்ளி

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி, சாண்ட்விச் கேக். நான் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. மைவோருக்குக் காய்ச்சலா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

அன்னெலி காப்பிக் கோப்பையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும். கோட்டுக்குக் காவல் என்று கேலி செய்தது, மரத்தைப் பிடித்து நின்றது, பெர்னில்லா கேட்டது, மூன்று ஷுப், நான் சொன்னது, எல்லோரும் சிரித்தது, சட்டைப் பையில் போன கை. "அது ஆமான்னு நான்தாம்மா சொன்னேன். அவன் சொன்னானான்னு எனக்குத் தெரியாது."

அவள் கோப்பையைத் தட்டில் வைத்தாள். மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்தாள். ஷுப்.

எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

அது ஆமாமா? அழுகையை அடக்கியதா? முன்பென்றால் நொடியில் சொல்லியிருப்பேன்.

15 செப்டம்பர்

பெர்னில்லாவிடமும் சொல்லிவிட்டேன். வகுப்பு முடிகிறவரை என் பக்கம் பார்க்கவில்லை.

29 செப்டம்பர்

எழுத ஒன்றுமில்லை. ஸ்துரேவின் மேசையை எடுக்க வந்தார்கள். எடுக்க வேண்டாம் என்றேன்.

4 அக்டோபர், சனி

மத்தியானம் போன் அடித்தது. அன்னெலி.

"நாளைக்கு சுண்ட்ஸ்வால் வரேன். அந்த மலைக்குப் போகணும். பலகை போற இடத்தப் பாக்கணும். நீங்களும் வரீங்களா?"

பழக்கம், மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"வாயைத் திறந்து சொல்லுங்க, மைவோர்."

"ஆமா," என்றேன். "வரேன். மெதுவா ஏறுவோம்."