அறுபது ராத்தல்

தேங்காய்ப்பட்டணம்
2.11.1936

பாசமுள்ள காக்காவுக்குத் தங்கை மெஹ்ருன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. உம்மாவும் நானும் சுகம். அவங்களுக்குத்தான் சுகமில்லை. கிட்டங்கியில் கொப்பரா மூட்டைகள் சரிந்து உங்கள் மச்சானுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. தொடையைக் கீறி, எலும்பில் இரும்புத் தகடு வைத்துத் திருகாணி போட வேண்டுமாம். கதவுக்குப் போடுகிற மாதிரி மனுஷ எலும்பில் போடுவார்களா? கம்பி சுற்றினால் போதாதா என்று உம்மா அழுகிறாள். கால்நடைக் கல்லூரியில் ஆட்டு எலும்பை இணைத்துப் பார்ப்பதுதானே உங்கள் வேலை? எது நிற்கும்? மூன்று மாதமாகத்தான் எங்களை மறந்தீர்கள், இதற்காவது உடனே எழுதுங்கள்.

மெஹ்ருன்னிசா

சென்னை
7.11.1936

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று மாதக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். முறிந்த ஆட்டு எலும்புகளில் சிலவற்றுக்குக் கம்பி சுற்றுவோம், சிலவற்றுக்குத் தகடு வைப்போம். ஒரு முனையை மேசையில் இறுக்கிவிட்டு, மறு முனையில் வாளி கட்டி மணல் கொட்டுவேன். கம்பி இருபது ராத்தல் எடையிலேயே விட்டுவிடும். தகடு அறுபது ராத்தல் வரை அசையவில்லை. நானே கண்ணால் பார்த்தது. தைரியமாகத் தகடு வைக்கச் சொல்.

துஆவுடன்
சைபுதீன்

தேங்காய்ப்பட்டணம்
5.12.1936

காக்கா,

தகடு வைத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது என்பது டாக்டர் பேச்சு. இவங்களோ உங்கள் அறுபது ராத்தலைப் பிடித்துக்கொண்டிருக்காங்க. நேற்றுக் கூட்டாளிகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், கொப்பரா நிறுக்கிற தராசில் உட்கார்த்தினார்களாம். நூற்றிருபது ராத்தல்.

"ரெண்டு காலுக்கும் பங்கு வச்சா அறுபதுதான். உன் காக்கா கணக்குக்குள்ளதான் இருக்கேன். பெருநாளைக்குப் பள்ளியில எழும்பி நின்னு தொழப்போறேன், நீ பேடிக்காத" என்கிறாங்க. முடியாதவர் உட்கார்ந்து தொழலாமே என்றேன். "பதினாலு வருசமா முதல் வரிசையில நிக்கிறவன்ட்டி நான்" என்று ஒரே சத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது. சரியாக அறுபது என்றால் தாங்குமா?

மெஹ்ருன்னிசா

சென்னை
10.12.1936

மெஹ்ருன்னிசா,

மச்சானை எழும்ப விடாதே. நான் நிறுத்துப் பார்த்தது இறைச்சிக்கடையிலிருந்து வாங்கிய செத்த எலும்பு. உயிருள்ள ஆறு ஆடுகளுக்குத் தகடு வைத்தும் பார்த்தோம். நிற்கும்போது ஒன்றும் ஆகவில்லை. படுத்துவிட்டு எழும்பும்போதுதான் நாலு ஆடுகளுக்குத் திருகாணி பிடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு காலுக்கும் பாரம் பங்காவது நிற்கையில் மட்டும்தான். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்பும்போது முழுப் பாரமும் ஒரு காலில் விழும்.

இது எனக்கு முன்பே தெரியும். நீ பயப்படக்கூடாது என்று மறைத்தேன். கெட்டிக்காரன் என்று பேர் வாங்கும் ஆசையும் இருந்தது. தந்தி அடித்தால் மௌத்துச் செய்தி என்று உம்மா விழுந்துவிடுவாள். பெருநாளுக்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும், அல்லாஹ்வே.

சைபுதீன்

தேங்காய்ப்பட்டணம்
17.12.1936

காக்கா,

மழையில் தபால் பிந்திவிட்டது. உங்கள் கடிதம் பெருநாள் காலையில்தான் கிடைத்தது. அவங்களைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. அனுப்ப வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பெண்ணாகப் பிறந்தவள் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. நான் ஏறினேன். வரிசைகளுக்கு நடுவே புகுந்து போனேன். அவங்க, பக்கத்திலிருந்த இரண்டு பேரின் தோளைப் பிடித்து எழும்பிக்கொண்டிருந்தாங்க. "அவங்கள இருத்துங்க! கால் போயிரும்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் பள்ளி முழுக்கக் கேட்டதாம்.

உட்கார்த்திவிட்டார்கள். உட்கார்ந்துதான் தொழுதாங்க.

பள்ளிக்குள் புகுந்ததற்காக ஜமாஅத்தில் என்னை விசாரிக்கப் போகிறார்களாம். உங்கள் கடிதத்தை உங்கள் மச்சானிடம் காட்டினேன், கையில் வாங்கவில்லை. ஒரு தடவை வந்து, அந்தத் தப்பான அறுபது உங்களுடையது என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். என் பேச்சு இங்கே எடுபடாது.

இரண்டு நாளாக அவங்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலைக் கீழே ஊன்றவும் இல்லை.

மெஹ்ருன்னிசா