உன் ஆத்தா சொன்ன வண்டி

முருகன் துணை

பூண்டி
மாசி மாதம், வியாழக்கிழமை

அன்பு மகன் குழந்தைவேலுக்கு உன் அய்யா அழகுமலை எழுதுவது. இந்த எழுத்தைப் பார்த்து யாரோ என்று மலைத்துவிடாதே, இது என் கைதான். வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும், சில எழுத்து பெருத்தும் சில எழுத்து நசுங்கியும் கிடக்கும், பொறுத்துக்கொண்டு படி. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் பள்ளிக்கூடத்து லீலா டீச்சர் எழுதியது, நான் கட்டைவிரலை மட்டும் அழுத்தினேன். ஐப்பசியிலிருந்து டீச்சர் சாயங்காலத்தில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். என் பெயரில் உள்ள ழ வளைவதற்கே ஒரு மாதம் ஆயிற்று, இப்போது முழுக் கடிதமே எழுதத் துணிந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். ஒரு பத்தி எழுதினால் தோள் இற்றுப்போகிறது, அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். ஆனாலும் முடித்த வரியைத் திரும்ப நானே வாசிக்கும்போது வருகிற சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நானும் உன் ஆத்தாளும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். நீ அந்த இங்கிலாந்துக் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்கிறாயா என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டும்.

இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பூண்டு எடுத்தாயிற்று, பல் சிறுத்துப்போனது, விலையும் படுத்துவிட்டது. என் முட்டி மேட்டுப் பாத்திக்கு ஏறுவதற்கு இரண்டு இடத்தில் உட்காரச் சொல்கிறது. எதைத் தொட்டாலும் அலுப்பாக இருக்கிறது, வயது அப்படி. இதெல்லாம் போகட்டும், நீ தை மாதம் போட்ட கடிதத்துக்கு வருகிறேன். அதை டீச்சர்தான் வாசித்துக் காட்டினார்கள், கேட்க வழக்கம்போல அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. உங்கள் கம்பெனிக் காருக்கு ஆர்டர் இல்லை, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அடுத்து என்ன வண்டி செய்தால் பிழைக்கலாம் என்று வேலையாட்கள் எல்லோரையும் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நம் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று விளையாட்டாகக் கேட்டிருந்தாய். கடைசியில், கம்பெனி மூடினால் சிநேகிதன் ஒருவன் கனடாவுக்குக் கூப்பிடுகிறான், அங்கே போய்விடுவேன் என்று ஒரு வரி. டீச்சர் சுவரில் இருந்த படத்தில் கனடாவைத் தொட்டுக் காட்டினார்கள். நீ இருக்கும் இடத்தையும் தாண்டி, இன்னொரு கடலுக்கு அந்தப் பக்கம். அதைப் பார்த்ததும் உன் ஆத்தா எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசிக்கவில்லை என்பாள். ஒருநாள் பூண்டுத் தாளைப் பின்னிக் கட்டிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள். போன ஆடியில் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து பழனிக்கு நேர்ந்துகொண்டாளாம், அவன் வேலை பார்க்கிற கம்பெனியை மூடிவிடு, என் பிள்ளை ஊருக்கு வந்து சேரட்டும், வந்தால் முடி இறக்குகிறேன் என்று. இப்போது கம்பெனி தள்ளாடுவது தன்னால்தான் என்று நினைத்துவிட்டாள். “கம்பெனிய மூடினா ஆளு வீட்டுக்குத்தான வருவாங்க, இன்னும் தூரத்துக்கா போவாங்க” என்று என்னிடமே கேட்டாள். முருகனுக்கு வேறு சோலி இல்லையா, இங்கிலாந்துக்குப் போய்க் கார் கம்பெனியையா பூட்டப்போகிறார் என்று சிரித்துப் பார்த்தேன். “அவரு மயில்ல ஒலகத்தையே சுத்தி வந்தவரு, அவருக்கு வழி தெரியாதாக்கும்” என்று ஒரே போடாகப் போட்டாள். பிறகு மெதுவாக, “எம்புள்ள ஒருத்தன் வரணும்னுதான் கேட்டேன், அத்தன பேரு வீட்டு அடுப்பையும் அணைச்சுப்புட்டேனே” என்றாள். இதையெல்லாம் டீச்சர் கையால் எழுதவைக்க முடியுமா நீயே சொல். அதற்காகத்தான் நானே எழுதுகிறேன்.

நேர்ந்ததை மாற்ற வேண்டும், பழனிக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரே பிடி. அதற்கு முன்னால் நீ கேட்டதற்கும் பதில் சேர்க்கச் சொன்னாள், கம்பெனி பிழைத்தால் அவள் பாவம் பாதி குறையுமாம். நானும் ஊரெல்லாம் கேட்டேன். குதிரைப் பொதி ஓட்டும் மலைச்சாமி, “ஏலே அழகுமலை, எங்குதிர போற பாதையில போற வண்டியா ஒண்ணு செய்யச் சொல்லுலே. வெள்ளகவிக்கு எறங்கணும், ஏறணும். புல்லுத் திங்காட்டியும் சரி, பாதியில படுத்துக்கிடாம இருந்தாப் போதும்” என்றான். பூண்டு தரம் பிரிக்கும் ராக்காயி, “நாத்தம் புடிக்காத சீட்டாப் போடச் சொல்லு மாமா, நம்மள ஏத்திக்கிட்டு மூக்கப் பொத்தாத வண்டியா இருக்கணும்” என்றாள். நீ எந்தக் காலத்தில் காரில் ஏறப்போகிறாய் என்று மலைச்சாமி சீண்டியதற்கு, “வண்டியே இன்னும் செய்யல, அதுக்குள்ள என்னைய எறக்கி விடுறீகளே” என்று கேட்டாள் பார். பூம்பாறை டீக்கடை நல்லசாமி மட்டும் கணக்காகப் பேசினார். “அந்தக் கம்பெனி காரு வாங்குன ராசாக்க எல்லாம் பங்களாவ வித்துட்டுப் போயிட்டாங்க, லாரி செய்யச் சொல்லுங்க, எந்தக் கவுருமெண்டு வந்தாலும் லாரிக்குச் சோலி இருக்கு” என்றார். லீலா டீச்சர் சின்னக் காராக, நாலு பேர் உட்காரும்படி, வாத்தியார் சம்பளத்தில் வாங்கும்படி செய்யலாமே என்றார்கள். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. பூண்டு விலை விழுந்த வருஷம் எல்லோரும் உருளைக்கு ஓடினோம், உனக்கு நினைவிருக்கும், ஊரே உருளை போட்டதில் அதுவும் விழுந்தது. உங்கள் முதலாளிகளும் இப்போது அப்படித்தான் வரப்பில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். பாவமாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். நாங்கள் பழனிக்குப் போனது உங்கள் கம்பெனிக் காரில். கோடைக்கானல் ஏரிக்கரைப் பங்களாவில் ஒன்று நின்றது, மூக்கில் வெள்ளிக் கொக்கு வைத்து, நீ சின்னப்பிள்ளையில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பாயே, அதேதான். நீ வேலைக்குச் சேரும் முன்னாலேயே செய்த வண்டி. பங்களாக்கார அம்மா அதைக் கோயமுத்தூர் மில்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்களாம். ஓட்டிக்கொண்டுபோய் விடப்போவது டிரைவர் ஞானவேல். அவர் பழனிக்காரர், கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம், வீட்டுக்குப் பூண்டு நம்மிடம்தான் வாங்குவார். விஷயத்தைச் சொன்னதும், பழனி வழியாகத்தானே போகிறேன், வெள்ளனே வந்துவிடுங்கள் என்றார். நாங்கள் பூம்பாறை வரை நடந்து, அங்கிருந்து பூண்டு லாரியில் போய்ச் சேர்ந்தோம். அவர் பின்கதவைத் திறந்து, “ஒங்க மகன் கம்பெனி வண்டி ஆத்தா, நீங்க பின்னால ராணி கணக்கா உக்காருங்க” என்று உன் ஆத்தாளை ஏற்றினார். சாமிக்கு வாங்கிய தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, மயக்கம் வராமல் மோந்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழமும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னை முன்னால் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே தடித்த கண்ணாடி ஒன்று. வண்டி போனதே தெரியவில்லை மகனே, அவ்வளவு அமைதி, கொண்டை ஊசி வளைவில்கூட உடம்பு சாயவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஞானவேலிடம் உன்னைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

பெருமாள்மலை தாண்டி ஊத்துப் பக்கம் வரும்போது பின்னால் டொக் என்று லேசாக ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் ஆத்தா வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஒரு சத்தமும் எங்களுக்கு வரவில்லை. கண்ணில் நீர் வழிகிறது. கையில் இருந்த தேங்காயால் கண்ணாடியை அடித்திருக்கிறாள், தேங்காய் இரண்டாகப் பிளந்து தண்ணீர் சீட்டெல்லாம் ஓடுகிறது, கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பெருமாள்மலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தாளாம், கையால் தட்டினாளாம், வளையல் நொறுங்கினதுதான் மிச்சம். “முதுகு ரெண்டும் தெரியுது, ஆடி ஆடிச் சிரிச்சுப் பேசுறீக, நான் செத்தாக்கூட பழனியில போயித்தான் கண்டுபிடிப்பீக” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். ஞானவேல் தலையில் கை வைத்துவிட்டார். அந்தக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, ஏற்றிவிட்ட அவர் சொல்ல மறந்துவிட்டார். சாமிக்கு வைத்த காய் சாமியிடம் போகாமல் உடைந்துவிட்டதே என்று அதற்கு ஒரு அழுகை. சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவர், “விடுங்க ஆத்தா, வாங்குறவரு கேட்டா முருகனே ஏறி எறங்கின வண்டின்னு சொல்லிக்கிடுதேன், வெலகூட ஏத்தலாம்” என்றார். அதற்குத்தான் அவள் சிரித்தாள், இருபது நாளுக்குப் பிறகு. அப்புறம் பின்னால் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, பின்னால் அத்தனை பெரிய மெத்தையைக் காலியாக வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு இறங்கினோம். கடைவீதியில் சனங்கள் குனிந்து குனிந்து பின்னால் யார் என்று பார்த்தார்கள்.

பழனியில் அடிவாரத்திலேயே முடி இறக்கிவிட்டாள். கேட்டது நடந்தால்தானே முடி என்று நேர்ந்தாய், நடக்காமலே கொடுக்கிறாயே என்றேன். “கேட்டதத் திருப்பி வாங்கிக்கிடுதேன்ல, சும்மாவா குடுப்பாரு” என்றாள். மஞ்சள் துணிக் காசையும் உண்டியலில் போட்டுவிட்டு, கம்பெனி நடக்கட்டும், அத்தனை பேருக்கும் வேலை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். படி ஏறியதில் என் முட்டி இரண்டும் வீங்கி இன்னும் வற்றவில்லை. அவள் வந்த அன்றைக்கே இரண்டு உருண்டைக் களி தின்றாள்.

ஆகையால் பெட்டியில் போடுவதற்கு உன் ஆத்தாளின் வாக்கைத்தான் கடைசியாக எழுதுகிறேன், நீ இங்கிலீஷில் மாற்றிக்கொள். லாரியோ சின்ன வண்டியோ பெரிய வண்டியோ அது முதலாளிகள் பாடு. எது செய்தாலும் பின்னால் இருப்பவர் கூப்பிட்டால் முன்னால் இருப்பவருக்குக் கேட்க வேண்டும், அந்தக் கண்ணாடி வேண்டாம், அவ்வளவுதான். உன் மேலதிகாரி சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், எழுதிப் போடு.

இனி உன் விஷயமாக முருகனிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லையாம். கேட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போய் முடிகிறது, என் பிள்ளையிடமே நேராகக் கேட்டு எழுது என்று என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “கம்பெனி நடந்தாலும் சரி, மூடினாலும் சரி, கனடாவுக்குப் போனாலும் சரி. போறதுக்கு முன்னால ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லு. மொட்டத் தலையில இப்பத்தான் முள்ளு முள்ளா மொளைக்குது. அது கொண்டை போடுற அளவு வளர்றதுக்குள்ள வரச் சொல்லு.” பதிலில் வருகிறேன் அல்லது வரமுடியாது என்று ஒன்றைத் தெளிவாக எழுது. பெரிய எழுத்தாக எழுது, இனி உன் கடிதத்தைக் கூட்டம் கூட்டி வாசிக்கப்போவதில்லை, நானே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பாலில் நாலு பல் பூண்டு வேகவைத்துக் குடி, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. வேலை போய்விடுமோ என்று சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே. பழனித் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். நீ எந்த ஊரில் எந்த வேலையில் இருந்தாலும் குறையில்லாமல் இருக்க நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். தபால்காரர் இனி அடுத்த வியாழக்கிழமைதான் மலையேறி வருவார், அவர் வருவதற்குள் இன்னொரு கடிதம் எழுதி முடித்திருப்பேன், கை இப்போதே பழகத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு உன் அய்யா,
அழகுமலை
இது கைநாட்டு இல்லை, கையெழுத்து.