வெப்பக் கோடு ஏறிய நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

பயப்பட ஒன்றுமில்லை, இங்கே ஒரு கூத்து நடந்தது. பூமி சூடாகிறது என்பதே கணக்குக் கோளாறு என்று எங்கள் பேராசிரியர் என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்பார். "நகரத்து வெப்பமானியெல்லாம் கட்டடச் சூட்டைத்தான் காட்டுது. அந்த அளவையெல்லாம் நீக்கிட்டு வரைபடம் வரைஞ்சு பாரு, ஏறுற வெப்பக் கோடு படுத்துடும்" என்றார். நானும் பாதி நம்பினேன்.

நேற்று வகுப்பில் எல்லார் முன்னாலும் நகரத்து அளவுகளை நீக்கி அப்படியே வரைந்தேன். அப்போதும் கோடு ஏறிக்கொண்டே போனது.

"இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். அதேதான். "இப்பதாம்மா எனக்குப் பேத்தி பொறந்திருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயித்தவள் நான்; தப்பாக இருக்கக் கூடாதா என்று மூன்றாம் தடவை போட்டுப் பார்த்ததும் நான்தான்.

உச்சி வெயிலில் கூரை வேலைக்கு ஏறாதீர்கள் அப்பா. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனைச் சட்டென்று வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் லைனிலேயே இருங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்