எனக்கும் சேர்த்து

மார்ச் 4

கப்பல் என்றார்கள். வந்து பார்த்தால் இரண்டு பாய்மரம் வைத்த பெரிய படகு. பயணிகள் பன்னிரண்டே பேர். அறையில் ஒருவர் சட்டை மாட்ட வேண்டுமென்றால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். இவர் ஓய்வு பெற்றதற்கு மகள் ஏற்பாடு செய்த பயணம் இது. மனிதர் இல்லாத தீவுகளாகப் போய்ப் பறவை, சீல் என்கிற கடல்நாய் எல்லாம் பார்க்கப் போகிறோம்.

சமையல்காரப் பெண் எனக்கு டீயா, காபியா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் "அவளுக்கும் டீதான்" என்றார். எனக்குக் காபிதான் பிடிக்கும். முப்பத்தொரு வருடமாக டீ குடிக்கிறேன்.

மார்ச் 5

ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஆளுக்கொரு மரவில்லை. தீவுக்குச் சின்னப் படகில் இறங்கும்போது சிவப்புப் பக்கமாகத் திருப்ப வேண்டும், திரும்பி ஏறியதும் வெள்ளைப் பக்கம். எல்லாம் வெள்ளையாக இருந்தால்தான் நங்கூரம் எடுப்பார்கள். அவரவர் வில்லையை அவரவர்தான் தொட வேண்டும் என்று கேப்டன் இரண்டு தடவை சொன்னார். இவர் போகும்போதும் வரும்போதும் எங்கள் வில்லை இரண்டையும் தானே திருப்பினார். இவருக்கு யார் சொல்வது?

பறவைகள் நடைபாதையிலேயே முட்டையிட்டு அடைகாக்கின்றன. நம்மைப் பார்த்து எழுந்திருப்பதுகூட இல்லை. மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க, நாங்கள்தான் சுற்றிப் போனோம்.

மார்ச் 6

குமட்டல். நாள் முழுக்கப் படுக்கை.

மார்ச் 7, தீவில்

படகைக் காணோம். கப்பல் போகிறது.

ஐந்து மணிக்குக் கரைக்கு வரச் சொன்னார்கள். அதற்கு முன்னாலேயே வந்துவிட்டேன். கப்பல் பாயை விரித்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது. கத்தினேன். துண்டை ஆட்டினேன். இத்தனை சீல் கத்துகிற இடத்தில் என் சத்தம் யார் காதில் விழும்?

இவர் கால் வலி என்று முதல் படகிலேயே போய்விட்டார். நான் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு சீல் தன் குட்டிக்குப் பால் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதானே செய்தேன்? திரும்பி வந்துவிடுவார்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தால் இவருக்குத் தெரியாதா?

கப்பல் தெரியவில்லை. பாட்டிலில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருட்டப் போகிறது — என்னங்க, நான் இங்கதான் இருக்கேன். இங்கயே இருக்கேங்க.

மார்ச் 8

உயிரோடு இருக்கிறேன். போர்வைக்குள் எழுதுகிறேன். ராத்திரி தீவில் டார்ச் வெளிச்சம் வந்தபோது என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. பறவைகளைக் காட்டி விளக்குகிற வழிகாட்டிதான் என்னைத் தூக்கிப் படகில் வைத்தார். அவர் என்னைவிட அதிகமாக அழுதார்.

நடந்ததை அவரே சொன்னார். இவர் முதல் படகில் வந்து ஏறியதும் இரண்டு வில்லைகளையும் வெள்ளையாகத் திருப்பியிருக்கிறார். இரண்டாவது படகு கிளம்பும்போது இன்னும் எத்தனை சிவப்பு என்று ரேடியோவில் கேட்டிருக்கிறார்கள். படகில் இருந்தவர்கள் கணக்கு சரியாக வந்துவிட்டது. காற்றும் நன்றாக இருந்ததால் சீக்கிரமே பாயை விரித்துவிட்டார்கள்.

அது கைப்பழக்கம். சரி, அதைக்கூட விட்டுவிடலாம்.

சாப்பாட்டு மேசையில் நான் எங்கே என்று கேப்டன் கேட்டாராம். இவர் சொன்ன பதில்: "அவளுக்குக் குமட்டல். தூங்குறா. சாப்பாடு வேண்டாமாம்."

வேண்டாமாம்! நான் சொன்னேனாம்! அங்கே சீலோடு உட்கார்ந்துகொண்டு இவரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனேன் போலிருக்கிறது. இரண்டாவது படகில் வந்து படுத்திருப்பேன் என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, அறைக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை இந்த மனுஷன். வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது என்று சமையல்காரப் பெண் சூப் எடுத்துக்கொண்டு போனதால்தான் நான் பிழைத்தேன். என் கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பார்த்து அவள்தான் கூச்சல் போட்டிருக்கிறாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேனா?" என்று கேட்டேன்.

தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

தீவில்கூட எனக்கு இவ்வளவு குளிரவில்லை.

மார்ச் 9

பேசவில்லை.

மார்ச் 10

இன்று ஆள் நடமாட்டம் உள்ள ஒரு துறைமுகம். விருப்பப்பட்டால் இங்கே இறங்கி ஊருக்குப் போகலாம், இல்லையென்றால் இன்னும் நான்கு தீவுகள் பாக்கி என்றார் கேப்டன். "நாங்க இறங்கிக்க—" என்று ஆரம்பித்த இவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்றே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்க மாட்டாரா, கேட்க மாட்டாரா என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன். கேட்டதும் என்னிடம் பதிலே இல்லை! எனக்கு என்ன வேண்டும்? நிஜமாகவே தெரியவில்லை. கேப்டன் காத்திருந்தார், இவரும் காத்திருந்தார்.

"நான் மிச்சத்தையும் பார்த்துட்டு வரேன். நீங்க வீட்டுக்குப் போங்க. இப்ப உங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்தான் வருது" என்றேன். யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். படித்துறையில் நின்று திரும்பிப் பார்த்தார். நான் கையாட்டவில்லை. அப்புறம் அறைக்கு வந்து அழுதேன்.

மார்ச் 12

ஆமைகள். ஒரு சின்ன மேசையளவு ஒன்று. ஒரு மணி நேரம் பார்த்தேன், யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 14

கேப்டன் அறைக்கு எனக்குப் போன் வந்திருந்தது. இவர்தான், வீட்டிலிருந்து. மகள் வந்திருக்கிறாளாம். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம்.

"தெரியலைன்னு சொன்னேன்" என்றார். பிறகு என்னிடமே, "எப்படி இருக்கே?" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். கேப்டன் கொஞ்ச நேரம் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் நின்றார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டார்.