கும்பளங்கியில் நாலு அறை

2005 ஜூன் 5, ஞாயிறு

காலையிலிருந்து மழை. வீடு மாறிக் கும்பளங்கி வந்தாச்சு. டெம்போவில் ஒரே நடை, அதிலும் பாதி காலி. கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு, மகள் மீனாவின் மேஜை, பாத்திரச் சாக்கு இரண்டு. மட்டாஞ்சேரியில் ஒற்றை அறைக்குள் நடக்க விடாமல் மறித்துக் கிடந்த சாமான். இங்கே ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

வீடு துபாய்க்காரர் ஒருவருடையது. நாலு அறை, ஹால், அதில் ஒரு அறை மாடியில். அவர் திரும்பும்வரை குடியிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய அண்ணனும் இவரும் கார்ப்பரேஷன் குழாய் வேலையில் ஒன்றாக இருக்கிறவர்கள். அப்படி வந்த யோகம்.

மீனா வந்ததுமே மாடி அறையைக் கேட்டாள். கதவு வைத்த அறை. கொடுத்தாச்சு. இவர் ஹால் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றார். எதிலும் இடிக்கவில்லை. ஒரே சிரிப்பு. எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

பழைய அறை மாதக் கடைசிவரை எங்கள் பேரில்தான். சாவி பக்கத்து வீட்டு ரம்லா இத்தாவிடம்.

ஜூன் 8, புதன்

தோப்பும்படியில் நான் வேலை பார்க்கிற செல்போன் கடையில் நல்ல கூட்டம். போன் வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி. இதைவிடச் சிறுசு இல்லையா? ஒருவர் சட்டைப் பையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, "வெளியே முட்டிக்கிட்டு நிக்குது சேச்சி" என்று திருப்பித் தந்தார்.

சாயங்காலம் இறால் வளர்க்கிற ஒரு சேட்டன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணை அமுக்கினா மூணு நம்பர் விழுது. எனக்குப் பெருசாக் கொடு." அலமாரி அடியில் பழைய மாடல் ஒன்று, செங்கல் மாதிரி. சந்தோஷமாக வாங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது மிஸ்டு கால். ஹாலிலிருந்து இவர்தான். சாயா வேணுமாம். குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காதாம். கொண்டுபோய் வைத்தேன்.

ஜூன் 12, ஞாயிறு

மழை விட்டு விட்டு. கூட்டித் துடைக்க ஒன்றரை மணி நேரம். மட்டாஞ்சேரியில் பத்து நிமிஷம்.

வாங்க: துடைப்பம், பல்பு 3, கொசு வலை, பினாயில்.

மீனா சாப்பிட்டதும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். தட்டவில்லை. அவள் தும்மல் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்த காலம் உண்டு. இப்போது படித்தாளா என்பதையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

ஜூன் 16, வியாழன்

பதினொரு மணிக்குக் கடைக்கு இத்தாவின் போன். "செல்வி மோளே, பயப்படாதே. மீனாவை நீதான் இங்கே அனுப்புறியா?"

நாலு நாளாக யூனிஃபார்மோடு வருகிறாளாம். தினமும் ஸ்கூல் லீவு என்று சொல்லிச் சாவி வாங்கி, பழைய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள். மூன்றரைக்குத்தான் வெளியே வருகிறாளாம்.

கூட யாராவது? கேட்டேன்.

"படச்சோனே, யாருமில்ல. தனியாத்தான்."

ஆட்டோ பிடித்தேன். பஜாரில் அரிசி லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டது. இறங்கி மழையிலேயே நடந்தேன். இத்தாவுக்குத் தெரியாமல் யாராவது இருந்தால்? யார், எத்தனை நாளாக? கால் ஓடியது, மனசு அதற்கு முன்னால்.

தட்டினேன். திறந்தாள். வெறும் தரை, புத்தகப் பை தலையணை, கன்னத்தில் ஜிப்பின் தடம். தூங்கியிருக்கிறாள். அவ்வளவுதான்.

"மாடியில தூக்கமே வரலம்மா. யாரோட மூச்சும் கேக்கல."

"வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

"நான்தானே அந்த ரூம் வேணும்னு அடம் பிடிச்சேன்."

திட்டத்தான் போனேன். அவள் கன்னத்துத் தடத்தைத் தேய்த்துவிட்டேன். இத்தா கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் குடித்தோம். பிறகு அவள் பக்கத்தில் சும்மா சாய்ந்தேன். நானும் தூங்கிப்போனேன். கடை ஞாபகமே இல்லை.

ஜூன் 17, வெள்ளி

இவரிடம் சொன்னேன். நானும் மீனாவும் திரும்பிப் போகிறோம் என்றேன்.

பதினாறு வருஷத்தில் நாங்கள் குரல் உயர்த்திச் சண்டை போட்டதில்லை. மட்டாஞ்சேரியில் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தா. இங்கே யாருக்கும் கேட்காது. கத்தினேன். அவரும் கத்தினார். நடுவில் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"நாள் பூரா குழிக்குள்ள குனிஞ்சு வேலை. வீட்டுக்கு வந்தா பரணுக்குக் கீழே குனியணும். அந்த ரூம்ல ஒரு நாளாவது நான் காலை நீட்டிப் படுத்திருக்கேனா? நீ பாத்திருக்கியா?"

பார்க்கவில்லை. கட்டில் எனக்கும் மீனாவுக்கும். அவர் அடுப்புக்கும் கட்டில் காலுக்கும் நடுவே, முழங்கால் மடக்கி, சுருண்டு. அப்படிப் படுப்பதுதான் இவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இடம் வந்துடுமா?"

ஜூன் 19, ஞாயிறு

போகவில்லை. மீனாவின் மேஜையும் பாயும் கீழே, எங்கள் பக்கத்து அறைக்கு. கதவு திறந்தே இருக்கும், திரை மட்டும் என்று பேச்சு. மாடியைப் பூட்டியாச்சு. நாளை முதல் 7.40 பஸ்ஸில் நானே பள்ளிவரை. டீச்சரிடம் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன்.

இவர் சாயா போட்டார். சர்க்கரை அதிகம். மூன்று பேரும் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து குடித்தோம். அவ்வளவு பெரிய ஹால் சும்மா கிடந்தது. எனக்கு இன்னும் மனசு ஒட்டவில்லை. இவர் காலை நீட்டி நேராகப் படுத்திருப்பதைப் பார்த்தால் மட்டும், திரும்பிப் போகிற பேச்சை விட்டுவிடுகிறேன்.

ஜூன் 30, வியாழன்

வெயில். பழைய அறையைக் கழுவிவிடப் போனேன். அதற்குள் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். சேலம் பக்கம், கட்டட வேலை. புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். இதுவரை வேலை நடக்கிற இடத்திலேயே தகர ஷெட்டாம், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து.

அந்தப் பெண் ஈரத் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்தாள். பரணை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள் அவள் பின்னாலேயே.

"நல்லா விசாலமா இருக்குக்கா. நீங்க எத்தனை பேர் இருந்தீங்க?"

"மூணு பேர்."

"மூணே பேரா?" என்றாள்.