அவர் காலை நான் பார்த்ததில்லை

லேக் சார்ல்ஸ், லூசியானா
9 பிப்ரவரி 1998

இயர்லினுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. விவாகரத்துக்குப் பிறகு பதினெட்டு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அதுவும் ஓர் உதவி கேட்டு.

வியட்நாமில் என் கால் கெட்டுப்போனதற்கு ஊனப் படி கேட்டு மனுப் போட்டேன். இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். ராணுவ மருத்துவக் குறிப்பில் என் காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம். இப்போது மேல்முறையீடு. படைவீரர் சங்கத்தில் எனக்காக அலையும் லெமுவான் சொல்கிறார்: "நீங்க ஆயிரம் சொல்லுங்க, எடுபடாது. ஊர் திரும்பின காலத்துல உங்ககூட இருந்தவங்க யாராவது கண்ணால பார்த்ததை எழுதித் தரணும்."

என்கூட இருந்தவள் நீ ஒருத்திதான். நாலு வரி எழுதித் தருவாயா?

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஓடெட் சொன்னாள்.

கிளோவிஸ்

---

ஓப்பலூசஸ்
20 பிப்ரவரி 1998

கிளோவிஸுக்கு,

மகள் உன்னிடம் என் முழங்காலைப் பற்றியெல்லாம் பேசுகிறாளா? சரி.

எதைப் பார்த்ததாக நான் எழுதுவது? பதினோரு வருஷம் உன்னோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தேன். ஒரு நாளாவது உன் காலைப் பார்த்திருக்கிறேனா? கட்டிலிலும் காலுறை. குளிக்கப் போனால் கதவுக்குத் தாழ். "பனிமலையிலயாய்யா பொறந்த?" என்று முதல் வருஷம் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

சனிக்கிழமை நடனத்துக்கு ஊரே போகும். நீ வரமாட்டாய். ஞாயிறு மதியம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் காணாமல் போவாய். கடைசியில் கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தாய். "அவ யாரு? பேரையாவது சொல்லிட்டுப் போ" என்று நான் கத்திய அன்று, வாயைத் திறக்காமல் பெட்டியைக் கட்டினாய். மகள் கல்யாணத்தில் கோயில் வாசலிலிருந்து அவள் கையைப் பிடித்து நடத்திவரக்கூட நீ வரவில்லை. என் அண்ணன் நடத்தி வந்தான்.

பொய்ச் சத்தியம் எழுத எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காரியிடம் கேள்.

இயர்லின்

---

லேக் சார்ல்ஸ்
3 மார்ச் 1998

இயர்லின்,

அப்படி ஒருத்தி இல்லை. எந்நாளும் இருந்ததில்லை.

1968இல் மெக்கோங் ஆற்றுப் பக்கம் வயல் தண்ணீரிலேயே நாட்கணக்கில் நின்றோம். பூட்ஸைக் கழற்றியபோது தோலும் அதோடு வந்தது. மருந்து கொடுக்கிறவன் கொஞ்சம் தூள் போட்டு, "எல்லாருக்கும் இதே கதிதான்டா, நட" என்றான். எதிலும் எழுதவில்லை. ராணுவத்திலிருந்து விடுவிக்கும் நாளில் 'குறை ஒன்றும் இல்லை' என்ற தாளில் நானே கையெழுத்துப் போட்டேன். போட்டால் மறுநாளே வீடு என்றார்கள். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்தும் ஆறவில்லை. வெடிக்கும், நீர் கோக்கும், நாறும். வந்த வாரமே என் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி செத்துக் கெடக்குதா இங்க?" என்றான். அன்று முடிவு செய்தேன், உன் கண்ணில் இது படக் கூடாது என்று. நீ அப்போது செருப்புக் கடையில் வேலை பார்த்தாய். நாள் முழுக்க நல்ல கால்களைப் பார்த்துவிட்டு வருகிறவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசி ஆலைக் கொதிகலன் அறையில் உப்பு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பையில் இருந்தது ஒரு துண்டும் உப்புப் பொட்டலமும்தான். ஓடெட் கல்யாணத்தன்று எந்தச் செருப்புக்குள்ளும் கால் நுழையவில்லை.

நீ எழுத வேண்டாம். கேட்டதே தப்பு.

கிளோவிஸ்

---

ஓப்பலூசஸ்
29 மார்ச் 1998

கிளோவிஸ்,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இத்தோடு வைத்திருப்பதை அந்த லெமுவானிடம் கொடு. படிக்காமல் கொடுத்தாலும் எனக்குச் சம்மதமே.

இயர்லின்

*'1969 முதல் 1980 வரை கிளோவிஸ் பிஜோவின் மனைவியாக இருந்தேன். அவர் பாதத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர் என் முன் காலுறையைக் கழற்றியதே இல்லை. போருக்குப் போகுமுன் அவர் வெறுங்காலோடு என் வீட்டுக் கூடத்தில் என்னோடு ஆடியவர். திரும்பி வந்தபின் ஆடவில்லை. காலுறைகளைத் துவைத்தது நான்தான். அவற்றில் ரத்தக் கறை இருக்கும். கேட்டால் பூட்ஸ் கடித்தது என்பார். நம்பினேன். எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான்.'*

---

லேக் சார்ல்ஸ்
14 மார்ச் 1999

அன்புள்ள இயர்லின்,

ஜெயித்துவிட்டோம்! தீர்ப்பு நேற்று வந்தது. போரில் வந்த கோளாறுதான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் விசாரணையில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீதிபதி ஒரு அம்மா. உன் தாளை உரக்கப் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூடவா காட்டல?" என்றார். "இல்லம்மா." "ஏன்?" "அவ மொகத்தைத் திருப்பிக்கிட்டா என்னால தாங்க முடியாதும்மா." உன் தாளை மடித்து வைத்துவிட்டு, "எனக்குக் காட்டுறீங்களா?" என்றார். அங்கேயே குனிந்து கழற்றினேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து ஒரே நினைப்பு. வரும் சனிக்கிழமை உன் வீட்டுக்கு வரட்டுமா? ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறேன். உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

என்றும் உன்
கிளோவிஸ்

---

ஓப்பலூசஸ்
18 மார்ச் 1999

கிளோவிஸ்,

நீ ஜெயித்ததில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம். உனக்கு நியாயமாகச் சேர வேண்டியது அது. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதே.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன நாலாவது வருஷம், யூனிஸ் ஊரிலிருந்து வில்பர்ட் என்றொருவர் என்னைக் கேட்டு வந்தார். தச்சு வேலை செய்கிறவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒரு வருஷம் ஞாயிறுதோறும் வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன். கட்டினவனுக்கே பக்கத்தில் படுக்கப் பிடிக்காத உடம்பு இது, இவருக்கும் ஒரு நாள் கசந்துதான் போகும் என்று நினைத்தேன். காரணம் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது. "சரிங்க இயர்லின், ஒங்க இஷ்டம்" என்று எழுந்து போனார். அதன்பிறகு வரவில்லை.

நீ முதல் கடிதம் எழுதியதற்கு மூன்று மாதம் முன்னால் அவர் சாவுச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். கடைசிவரை தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

யாரோ ஒரு அம்மா கேட்டதும் கழற்றிக் காட்டினாய். நான் முகத்தைத் திருப்புவேன் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டாய். நீ மறைத்தது உன் காலை மட்டும் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறாய்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்தால் வரச் சொல்லித் திட்டித் தீர்த்திருப்பேன்.

வர வேண்டாம், கிளோவிஸ்.

இயர்லின்